பக்கத்தில் வருகிறவர் கையில் உயிர்!

ஏறுவதற்கு நான்கு மணி நேரம். இறங்குவதற்கு அரை மணி நேரம்!

இப்படியும் ஒரு விளையாட்டு உண்டா என்று கேட்கலாம். உண்டு. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் குளிர்காலம் வந்துவிட்டால், இந்த அரை மணி நேரத்துக்காகக் காசு கொடுத்து, இருட்டோடு எழுந்து, மூச்சு வாங்க மலை ஏறுகிறவர்கள் ஏராளம். ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. அறுபது வயதைத் தாண்டியவர்களும் உண்டு.

பனிச்சறுக்கு விளையாட்டைச் சினிமாவில் பலர் பார்த்திருப்பார்கள். இரண்டு காலிலும் நீளமான கட்டைகளை மாட்டிக்கொண்டு, வெள்ளைச் சரிவில் வழுக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் கட்டைக்கு 'ஸ்கீ' என்று பெயர். பெரும்பாலோர் அதற்கென்று ஒதுக்கிய பாதைகளில்தான் விளையாடுகிறார்கள். கம்பியில் தொங்கும் வண்டி அவர்களை மேலே கொண்டுபோய் விட்டுவிடும். இரவில் இயந்திரம் ஓட்டிப் பனியைச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். ஆபத்தான சரிவுகளில் முன்கூட்டியே வெடி வைத்துப் பனியை விழச் செய்திருப்பார்கள். காவல்காரர்களும் சுற்றி வருவார்கள்.

மலைப் பயணம் போகிறவர்களுக்கு இந்த வசதிகளில் எதுவும் கிடையாது. சொந்தக் காலில் ஏற வேண்டும். யாரும் மிதிக்காத பனியில் இறங்க வேண்டும். அந்தப் பனி தங்குமா, பெயர்ந்து விழுமா என்று பார்த்தே சொல்லத் தெரிய வேண்டும்.

அது தெரியாதவர்கள் என்ன செய்வது? தெரிந்தவரோடு போவதுதான் வழி. முன்னால் ஒரு வழிகாட்டி. அவருக்குப் பின்னால் ஆறு பேர் அல்லது ஏழு பேர். காலையில் சேர்ந்து மாலையில் பிரிந்துவிடும் ஒருநாள் கூட்டம்.

சேணம் தைப்பவரும் கதாசிரியரும்

இப்படி வழிகாட்டியின் பின்னால் ஸ்கீ மாட்டிக்கொண்டு மலை தாண்டிய ஆரம்ப காலத்து ஆசாமிகளில் ஒருவர், உலகமே அறிந்தவர். ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற துப்பறியும் நிபுணரைப் படைத்த ஆர்தர் கானன் டாயில்தான் அவர்.

1893-ம் ஆண்டில் டாயிலின் மனைவியைக் காச நோய் பிடித்தது. அந்த நாளில் காசத்துக்குச் சரியான மருந்து கிடையாது. மலைக் காற்றைத்தான் மருந்து என்றார்கள். ஸ்விட்சர்லாந்து நாட்டில் 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் டாவோஸ் என்ற ஊர் அதற்குப் பேர் போனது. மனைவியை அழைத்துக்கொண்டு டாயில் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அந்த ஆண்டு டிசம்பரில்தான், ஹோம்ஸ் அருவியில் விழுந்து மாண்டதாக அவர் எழுதிய கதை வெளிவந்தது. இங்கிலாந்தில் வாசகர்கள் கொதித்துப் போனார்கள். கதாசிரியரோ டாவோஸில் ஸ்கீ கட்டைகளை மாட்டிக்கொண்டு, விழுவதும் எழுவதுமாக இருந்தார்!

அவருக்குத் துணையாக அகப்பட்டவர்கள் டோபியாஸ் பிராங்கர், யோஹான்னஸ் பிராங்கர் என்ற இரண்டு சகோதரர்கள். டோபியாஸ் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. 'கட்டையைக் காலில் கட்டிக்கொண்டு அலைகிறார்களே' என்று ஊரார் கேலி செய்ததால் சகோதரர்கள் பொழுது சாய்ந்த பிறகுதான் பழகினார்கள் என்று சொல்வார்கள். 1893-ம் ஆண்டில் அவர்கள் சுமார் 2,400 மீட்டர் உயரமுள்ள கணவாய் ஒன்றைத் தாண்டி, அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் அரோசா என்ற ஊருக்குப் போய் வந்தார்கள். மறு ஆண்டு மார்ச் மாதம், டாயிலையும் அதே வழியில் அழைத்துச் சென்றார்கள்.

கிளம்பியது விடியுமுன். ஓரிடத்தில் சரிவு மிகவும் செங்குத்தாக இருந்தது. டாயிலின் கட்டைகள் அவரை விட்டுவிட்டுத் தாமே கீழே ஓடிவிட்டன. கனவான் என்ன செய்வார்? கால்சட்டையின் பின்புறத்தை நம்பி வழுக்கி இறங்கினார். அந்தத் துணி தேயவே தேயாது என்று தையற்காரர் சொல்லியிருந்தாராம். அதைப் பரீட்சை செய்து பார்த்துவிட்டதாக டாயில் பிறகு வேடிக்கையாக எழுதினார்.

அரோசா போய்ச் சேர்ந்ததும், விடுதிப் பதிவேட்டில் மூவர் பெயரையும் டோபியாஸ் எழுதினார். டாயிலின் தொழில் என்ன? 'விளையாட்டு வீரர்' என்று போட்டார். எத்தனையோ பட்டங்கள் பெற்ற டாயிலுக்கு இந்தப் பட்டத்தில் தனி மகிழ்ச்சி.

புறப்படுமுன் ஒத்திகை

அதே டாவோஸில் இன்றும் குளிர்காலத்துக் காலைகளில் இப்படிக் கூட்டங்கள் கிளம்புகின்றன. செர்டிக், டிஷ்மா என்று ஊரைச் சுற்றிலும் பள்ளத்தாக்குகள். சாலை முடிகிற இடத்தில் எல்லோரும் வந்து சேர்கிறார்கள். ஒருவர் பல் டாக்டராக இருக்கலாம். ஒருவர் பள்ளி ஆசிரியையாக இருக்கலாம். கணவன் மனைவியாகவும் வருவார்கள். மற்றபடி ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்ததில்லை.

வழிகாட்டி எல்லோரிடமும் கை குலுக்கிப் பெயர் கேட்டுக்கொள்கிறார். அவர் பல ஆண்டு பயிற்சி பெற்று, பாறை, பனி, ஸ்கீ எல்லாவற்றிலும் பரீட்சை எழுதித் தேறியவர். மலை வழிகாட்டிகளுக்கென்று 1965-ம் ஆண்டு முதல் சர்வதேச சங்கமே இருக்கிறது. அதன் முத்திரை அவர் சட்டையில் இருக்கும்.

உடனே மலை ஏறிவிடலாம் என்று நினைத்தால் அதுதான் இல்லை. முதலில் பையைத் திறக்கச் சொல்கிறார். ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள்கள் இருந்தாக வேண்டும். அவற்றில் ஒன்று குறைந்தாலும் அவர் அன்றைக்கு வர முடியாது.

ஒன்று, உள்ளங்கை அளவுள்ள ரேடியோக் கருவி. அதை மேல்கோட்டுக்கு உள்ளே மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். நாள் முழுவதும் அது ரேடியோ அலை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் பனியில் புதைந்துவிட்டால், மற்றவர்கள் தங்கள் கருவியைத் 'தேடு' என்று மாற்றிக்கொண்டு அந்த அலையைப் பிடித்துப் போகலாம். எல்லா நாட்டுக் கருவிக்கும் அலைவரிசை ஒன்றுதான்: 457 கிலோஹெர்ட்ஸ்.

இரண்டாவது, மடக்கி வைத்த நீளமான மெல்லிய கம்பி. உதறி நீட்டினால் இரண்டரை மீட்டர் வரும். மூன்றாவது, மண்வெட்டி போன்ற அலுமினிய அள்ளி.

முன்காலத்தில் இந்தக் கருவி ஏது? இடுப்பில் நீளமான சிவப்புக் கயிற்றைக் கட்டி, வால் போல இழுத்துக்கொண்டு போவார்கள். ஆள் புதைந்தாலும் கயிற்றின் நுனியாவது வெளியே தெரியும் என்று ஒரு நம்பிக்கை. 1968-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் லாட்டன் என்பவர் ரேடியோக் கருவியை உருவாக்கினார். கயிறு மறைந்தது.

வழிகாட்டி கொஞ்ச தூரம் முன்னே போய் நிற்கிறார். ஒவ்வொருவராக அவரைக் கடந்து நடக்கிறார்கள். அவர் கையில் உள்ள கருவி 'பீப், பீப்' என்கிறது. சரி, எல்லாக் கருவியும் வேலை செய்கிறது.

பிறகு ஒத்திகை. ஒரு கருவியைப் பையில் போட்டு, எவரும் பாராத சமயத்தில் பனிக்குள் புதைத்து வைக்கிறார். 'கண்டுபிடியுங்கள்!' என்கிறார். புதிதாக வந்தவர்களுக்குக் கை நடுங்குகிறது. அம்புக் குறி காட்டும் பக்கமாக ஓடுகிறார்கள். கிட்டே போனதும் குனிந்து, கருவியைப் பனியோடு பனியாக வைத்து மெதுவாக நகர்த்துகிறார்கள். தூரத்தைக் காட்டும் எண் எங்கே மிகக் குறைகிறதோ, அங்கே கம்பியைச் செருகுகிறார்கள். தட்டுப்படவில்லையா? ஒரு சாண் தள்ளி மறுபடி. சுற்றிச் சுற்றி, வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். தட்டுப்பட்டால் கம்பியைப் பிடுங்கக் கூடாது. சரிவின் கீழ்ப்பக்கமாக நின்று பக்கவாட்டில் தோண்ட வேண்டும். நேர் மேலே நின்று கிணறு வெட்டுவது போல வெட்டினால் நேரம் போய்விடும். உள்ளே இருப்பவரையும் மிதித்துவிட நேரும்.

பத்து நிமிடக் கணக்கு

இவ்வளவு அவசரம் எதற்கு? கடிகாரம் சொல்கிறது காரணத்தை.

ஸ்விட்சர்லாந்தில் 1981 முதல் 2020 வரை பனிச்சரிவில் முழுதாகப் புதைந்தவர்களின் விவரங்களை ஆராய்ந்து, 2024-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைத்திருக்கிறார்கள். அரை மணி கடந்தால் நூற்றுக்கு முப்பது பேர்தான்! பலருக்குக் குளிரால் சாவு வருவதில்லை. காற்றில்லாமல் மூச்சுத் திணறித்தான் போகிறார்கள்.

ஆகாயத்திலிருந்து உதவி வராதா? வரும். 1952-ம் ஆண்டில் தொடங்கிய 'ரேகா' என்ற விமான மீட்புச் சங்கம் அந்நாட்டில் இருக்கிறது. (நம் வீட்டுப் பெண் பெயர் போல இருக்கிறதல்லவா?) 1414 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் ஹெலிகாப்டர் கிளம்பும். டாக்டரும் கூட வருவார். என்றாலும் செய்தி போய், விமானம் எழும்பி, மலை இடுக்கில் இடம் தேடி இறங்குவதற்குள் அந்தப் பத்து நிமிடம் பெரும்பாலும் கடந்துவிடும்.

ஆகவே, புதைந்தவரைப் பிழைக்க வைக்கக் கூடியவர்கள் அந்த இடத்தில் நிற்பவர்கள்தான். காலையில் பெயர் கேட்டுக்கொண்ட பல் டாக்டர். பெயர் கேட்டும் மறந்துபோன ஆசிரியை. வழிகாட்டியே புதைந்துபோனால் இவர்கள்தான் அவரைத் தேட வேண்டும். ஓடிவந்து நின்ற பனி, காய்ந்த சிமெண்டு போல இறுகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்க ஒரு டன்னுக்குக் குறையாமல் பனியை அள்ள வேண்டும். தனி ஆளால் ஆகிற காரியமா? ஒருவர் வெட்ட, ஒருவர் தள்ள, ஒருவர் ஒதுக்க என்று வரிசையாக நின்று மாறி மாறிச் செய்ய வேண்டும்.

வழுக்காமல் ஏறும் வித்தை

ஒத்திகை முடிந்தது. பயணம் தொடங்குகிறது.

வழுக்குவதற்கென்றே செய்த கட்டையை மாட்டிக்கொண்டு மேலே ஏறுவது எப்படி? இங்கேதான் வேடிக்கை. கட்டையின் அடியில் ரோமம் உள்ள பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்கிறார்கள். ரோமம் பின்பக்கமாகப் படிந்திருக்கும். கட்டையை முன்னே தள்ளினால் சுகமாக நகரும். பின்னே சரியப் பார்த்தால் ரோமம் சிலிர்த்துப் பனியைப் பிடித்துக்கொள்ளும். பூனையின் முதுகை வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவிப் பார்த்தால் விஷயம் புரியும். பழைய நாளில் சீல் என்ற கடல் பிராணியின் தோலைக் கட்டினார்கள். இன்று அங்கோரா ஆட்டு ரோமம் அல்லது நைலான்.

இன்னொரு வசதி, காலணியின் முன்பக்கம் மட்டும் கட்டையில் பூட்டியிருக்கும். குதிகால் எழும்பும். நடக்கலாம். இறங்கும்போது குதிகாலையும் பூட்டிவிடுவார்கள்.

புறப்படும்போது வழிகாட்டி ஒன்று சொல்வார்: 'மேல்கோட்டைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள்.' பல் கிட்டும் குளிரில் இது என்ன கட்டளை என்று தோன்றும். பத்து நிமிடம் ஏறினால் உடம்பு கொதிக்கும். வியர்வையில் உள்சட்டை நனைந்துவிட்டால், பிறகு நிற்கும்போது குளிர் எலும்புக்குள் போய்விடும்.

வேகமும் கூடாது. மணிக்குச் சுமார் 300 மீட்டர் உயரம் போதும். பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். அதுதான் அளவு. செங்குத்தான இடங்களில் பாதை வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு காலைத் தூக்கி, கட்டையோடு திருப்பி வைத்து, மற்றக் காலையும் கொண்டுவர வேண்டும். புதியவர்கள் இந்த இடத்தில் விழாமல் இருந்தால் அதிசயம். பின்னால் வருகிறவர் கோலை நீட்டித் தூக்கிவிடுகிறார். ஒரு மணிக்கு ஒரு முறை நிற்கிறார்கள். வெந்நீர்க் குடுவையிலிருந்து தேநீர், ஒரு துண்டு ரொட்டி, பாலாடைக்கட்டி.

பனிக்கு அடியில் சீனி

வழிகாட்டியின் கண் மட்டும் ஓயாமல் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது.

வெளியே பார்த்தால் பனி ஒரே வெள்ளைதான். வெட்டிப் பார்த்தால் அடுக்கு அடுக்காக இருக்கும். ஒவ்வொரு முறை பெய்ததும் ஓர் அடுக்கு. குளிர்காலத் தொடக்கத்தில் கொஞ்சமாகப் பெய்த பனி, கீழே தரையின் வெப்பத்துக்கும் மேலே கடுங்குளிருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு, நாளடைவில் ஒட்டாத மணிகளாக மாறிவிடும். கையில் அள்ளினால் சீனி போல விரலிடுக்கில் வழியும். அதன்மேல் காற்று கொண்டுவந்து குவித்த பனி, பலகை போல இறுகி உட்காரும்.

ஒரு தட்டில் சீனியைப் பரப்பி, அதன்மேல் அட்டை ஒன்றை வைத்துத் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். கொஞ்சம் பொறுக்கும். பிறகு மொத்தமாகச் சறுக்கும். மலையில் நடப்பதும் இதுதான். 30 டிகிரியும் அதற்கு மேலும் உள்ள சரிவுகளில் இந்த ஆபத்து அதிகம். வீட்டு மாடிப்படியின் சரிவு ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்.

அந்தப் பலகையைப் பெயர்க்க ஓர் ஆளின் கனம் போதும். பனிச்சரிவில் உயிரிழக்கும் பயணிகளில் பத்துக்கு ஒன்பது பேர், தாமோ தம் கூட்டத்தாரோ பெயர்த்துவிட்ட பனியிலேயே மாண்டிருக்கிறார்கள்.

டாவோஸிலேயே பனியை ஆராயும் நிலையம் இருக்கிறது. 1936-ம் ஆண்டில், ஊருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்ற இடத்தில் சில விஞ்ஞானிகள் ஒரு குடிலில் உட்கார்ந்து தொடங்கிய வேலை அது. இன்று குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கும், காலை 8 மணிக்கும் அந்த நிலையம் எச்சரிக்கை அறிக்கை விடுகிறது. ஆபத்துக்கு 1 முதல் 5 வரை எண். ஐந்து என்றால் ஊருக்கே ஆபத்து; எவரும் மலைப் பக்கம் போவதில்லை. நாலுக்கும் பெரும்பாலோர் பயப்படுகிறார்கள். ஆளை ஏமாற்றுவது மூன்றாம் எண். 'நடுவில்தானே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்' என்று போகிறார்கள். சாவுகளில் ஏறக்குறைய பாதி மூன்றாம் எண் நாட்களில்தான் நேர்கின்றன.

வழிகாட்டி முதல் நாள் மாலையே அறிக்கையைப் படித்து, படத்தைப் பார்த்து, இரண்டு வழிகள் யோசித்து வைத்திருப்பார். இருந்தாலும் மலைக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி விழுந்திருக்கிறதா? காலடியில் கோடு போல வெடிக்கிறதா? அடியில் 'உம்ம்' என்று ஓர் உறுமல் கேட்கிறதா? அந்த உறுமல், சீனி அடுக்கு நொறுங்குகிற ஓசை. பல வருஷம் மலையில் பழகியவர்களுக்கும் அதைக் கேட்டால் வயிறு கலங்கும்.

'திரும்புவோம்'

உச்சி தெரிகிறது. இன்னும் முக்கால் மணி நேரம் ஏறினால் தொட்டுவிடலாம். வழிகாட்டி நிற்கிறார். மேலே பார்க்கிறார். கோலைப் பனியில் செருகிப் பார்க்கிறார். 'இன்றைக்கு இவ்வளவுதான். திரும்புவோம்' என்கிறார்.

யாருக்குத்தான் முகம் சுருங்காது? பணம் கொடுத்து வந்திருக்கிறார்கள். உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் கூலி ஒன்றுதான். உண்மையில் அந்தக் கூலி இந்த ஒரு வார்த்தைக்குத்தான் என்று சொன்னாலும் தவறில்லை. ஏறுகிற வழியைப் படத்தைப் பார்த்துக்கூடக் கண்டுபிடிக்கலாம்.

அதற்காக வழிகாட்டி சொன்னதெல்லாம் வேதம் என்று தலையாட்டிக்கொண்டு போகலாமா? அதுவும் கூடாது.

2003-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி. கனடாவில் ரெவல்ஸ்டோக் என்ற ஊர்ப் பக்கம் வழிகாட்டிகளையும் சேர்த்து 21 பேர் மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். பனி பெயர்ந்து 13 பேரை அடித்துக்கொண்டு போயிற்று. மற்றவர்கள் ஓடி ஓடித் தோண்டினார்கள். சிலரை உயிரோடு எடுத்தார்கள். 7 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் கிரெய்க் கெல்லி. ஒற்றைப் பலகைச் சறுக்கில் உலக சாம்பியன். தாமும் வழிகாட்டியாக வேண்டும் என்று அப்போது பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார்.

அன்று புதைந்து, தோண்டி எடுக்கப்பட்டுப் பிழைத்தவர் உதவி வழிகாட்டி கென் வைலி. தமக்கு மனத்தில் சந்தேகம் இருந்தும் வாய் திறந்து சொல்லாமல் இருந்துவிட்டதை அவர் பிறகு ஒரு புத்தகத்தில் எழுதினார். உதவி வழிகாட்டியே வாயை மூடிக்கொண்டிருந்தால், காசு கொடுத்து வந்தவர் எங்கே பேசப்போகிறார்!

ஆகவே நல்ல வழிகாட்டிகள் நடுநடுவே நின்று, 'இந்தச் சரிவைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று கூட்டத்தைக் கேட்கிறார்கள். கால் நோகிறது, பயமாக இருக்கிறது, களைப்பாக இருக்கிறது என்றால் வெட்கப்படாமல் சொல்லச் சொல்கிறார்கள். களைத்த ஆள் கீழே இறங்கும்போது விழுவார். அவர் விழுகிற இடம் ஆபத்தான சரிவின் நடுவாக இருந்துவிட்டால்?

கீழே, ஒவ்வொருவராக

பட்டைகளைப் பிரித்துச் சுருட்டி மார்புக்குள் வைத்துக்கொள்கிறார்கள். குதிகாலைப் பூட்டுகிறார்கள். வியர்வை ஆறுமுன் மேல்கோட்டு ஏறுகிறது.

முதலில் வழிகாட்டி இறங்குகிறார். கீழே பாறை ஓரமாகப் பத்திரமான இடத்தில் நின்று கோலை உயர்த்துகிறார். அதற்குப் பிறகுதான் அடுத்தவர். அவர் நின்ற பிறகு அதற்கடுத்தவர். ஒரு சமயத்தில் சரிவில் ஒருவர்தான். பெயர்ந்தாலும் ஒருவரோடு போகும். தேடுவதற்கு மற்றவர்கள் மிஞ்சுவார்கள். மேலே நிற்பவர்களும் கீழே நிற்பவர்களும் அந்த ஒருவரைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. கடைசியாக அவரை எங்கே பார்த்தோம் என்பது தெரிந்திருந்தால்தான் தேடலை அங்கிருந்து தொடங்க முடியும்.

சறுக்குகிறவருக்கோ அந்தச் சில நிமிடங்களில் வேறு நினைப்பு கிடையாது. முழங்கால் வரை பஞ்சு போன்ற பனி. சத்தமே இல்லை. காலின் கீழே பூமி இருக்கிறதா என்றே தெரியாது. நாலு மணி நேரம் ஏறியது இதற்குத்தான்!

பிறகு காடு வருகிறது. அதன் கீழே மாட்டுக் கொட்டகைகள், சாலை, நிறுத்தி வைத்த வண்டிகள். அங்கே வந்து, தலைகளை எண்ணிச் சரி பார்த்த பிறகுதான், மார்பில் கட்டிய கருவியை அணைக்க வழிகாட்டி அனுமதிக்கிறார். அடுத்த வாரமும் வருகிறீர்களா என்று ஆசிரியை பல் டாக்டரைக் கேட்கிறார். இப்போது அவருக்குப் பெயர் மறக்கவில்லை.